பார்த்தீர்களா, பார்த்திருக்கிறீர்களா?

ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும்போது ‘டிட்’ போடுவதா, ‘ஹேவ்’ போடுவதா? வண்டூர் கடற்கரையில் ஒரு முதலையால் வந்த சந்தேகம்.

வண்டூர் கடற்கரையில் குளிப்பதற்கென்று வலை கட்டி ஒதுக்கிய இடம் ஒன்று உண்டு. வலைக்கு வெளியே கடல். கடலை ஒட்டி அலையாத்திக் காடு. அங்கே உப்புநீர் முதலைகள். எச்சரிக்கைப் பலகையும் இருக்கிறது. அன்று காலை அந்தப் பலகைக்குச் சற்றுத் தள்ளி ஒரு வயதான ஆங்கிலேயத் தம்பதி கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள். படகில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர் ஒருவர் அவர்களிடம் பேச்சுக் கொடுத்தார். மனிதர் நல்லவர். ஊருக்கு வந்தவர்களைச் சும்மா நிற்க விடக் கூடாது என்பது அவர் கொள்கை. “டிட் யூ சீ குரோக்கடைல், மேடம்?” என்று கேட்டார்.

செருப்பைக் கையில் பிடித்தபடி அந்த அம்மாள் மணலுக்கு ஓடிவந்த வேகம் அவர் வயதுக்குப் பொருந்தாதது. “வேர்? வென்?” என்று கணவர் கத்தினார். இளைஞருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கேட்க நினைத்தது: “எப்போதாவது முதலையைப் பார்த்திருக்கிறீர்களா?” அந்த அம்மாள் காதில் விழுந்தது: “இப்போது வந்ததே முதலை, பார்த்தீர்களா?”

நான் நடுவில் புகுந்து விளக்கிய பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அம்மாள் மட்டும் திரும்பத் தண்ணீரில் இறங்கவில்லை.

பிறகு தேநீர்க் கடையில் அந்த இளைஞரிடம் பேசினேன். அப்பா காலத்திலேயே ராமநாதபுரத்திலிருந்து அந்தமானுக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ், வெளியில் இந்தி, படகில் தேவைக்குத் தகுந்தபடி ஆங்கிலம். “ஹேவ் யூ சீன் என்று கேட்டிருந்தால் பிரச்சினை இல்லை” என்றேன். அவர் யோசித்தார். “ஹேவ்னா ‘வச்சிருக்கியா’ன்னு தானே சார் அர்த்தம்? ஹேவ் யூ டிக்கெட், ஹேவ் யூ வாட்டர் பாட்டில். பார்க்கிறதை எப்படி சார் வச்சிருக்கிறது?”

கேள்வி அபத்தமானதல்ல. ஆங்கிலத்தில் இந்த அமைப்பு பிறந்ததே அப்படித்தான். ‘எழுதிய கடிதத்தை வைத்திருக்கிறேன்’ என்ற பொருளில் தொடங்கிய வாக்கியம் காலப்போக்கில் ‘கடிதம் எழுதியிருக்கிறேன்’ என்று மாறியது. நாம் ‘இரு’ என்ற வினையைப் பிடித்துக்கொண்டோம், அவர்கள் ‘வைத்திரு’ என்ற வினையைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய ஆங்கிலத்தில் போதல், வருதல் போன்ற வினைகளுக்கு ‘இரு’வையே பயன்படுத்தினார்கள் என்பது இன்னும் வேடிக்கை.

பள்ளிக்கூடத்தில் நம்மில் பலருக்குச் சொல்லிக் கொடுத்த சூத்திரம் ஒன்று உண்டு. சற்று முன்பு முடிந்த செயல் என்றால் பிரசன்ட் பர்ஃபெக்ட். எப்போதோ முடிந்தது என்றால் சிம்பிள் பாஸ்ட். மனப்பாடம் செய்ய வசதியானது, ஆனால் தவறானது. ஒரு விநாடிக்கு முன் பக்கத்து அறையில் ஏதோ உடைந்த சத்தம் கேட்டால், “டிட் யூ ஹியர் தட்?” என்றுதான் ஆங்கிலேயர் கேட்பார். அதைவிடச் சமீபம் எது? நாற்பது வருடங்களுக்கு முன் படித்த திருக்குறளைப் பற்றிக் கேட்டாலும் “ஹேவ் யூ ரெட் திருக்குறள்?” என்றுதான் கேட்பார். அதைவிடத் தூரம் எது?

செயல் நடந்து எவ்வளவு நேரமாயிற்று என்பது அல்ல விஷயம். கேட்கிறவர் மனதில் ஒரு குறிப்பிட்ட நேரம் இருக்கிறதா என்பதுதான். நேற்று மாலை, அந்தச் சத்தம் வந்த கணம், நீங்கள் மெட்ராஸில் இருந்த காலம் என்று ஏதோ ஒன்றைச் சொல்லியோ சொல்லாமலோ சுட்டினால் ‘டிட்’. எந்த நேரத்தையும் சுட்டாமல், பின்னால் எங்கோ தொடங்கி இந்த நிமிடம் வரைக்கும் வந்து நிற்கும் ஒரு நீளத்தில் இப்படி ஒன்று நடந்ததுண்டா என்று தேடினால் ‘ஹேவ்’. முதலைக் கேள்வியில் நடந்தது அதுதான். ‘டிட்’ என்ற ஒரு சொல் ‘உனக்கும் எனக்கும் தெரிந்த ஒரு நேரம்’ என்று கைகாட்டியது. அந்த நேரம் எது என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் தெரிந்ததெல்லாம் ‘இப்போது’தான். ஓடினார்.

பார்பரா பார்ட்டீ என்ற அமெரிக்க மொழியியலாளர் 1973இல் எழுதிய ஒரு கட்டுரை இதைப் பளிச்சென்று சொல்கிறது. ஆங்கிலத்தின் இறந்தகாலம் ‘அவன்’, ‘அது’ போன்ற பிரதிப்பெயரைப் போல வேலை செய்கிறது என்பது அவர் வாதம். காரில் பாதி தூரம் போன பிறகு ‘அடுப்பை அணைக்கவில்லையே’ என்று ஒருவர் பதறினால், வாழ்நாளில் ஒருமுறைகூட அணைத்ததில்லை என்று பொருளல்ல. கிளம்பினோமே, ‘அப்போது’ அணைக்கவில்லை. முன்பின் அறிமுகமில்லாதவரிடம் திடுதிப்பென்று “அவன் வந்தானா?” என்று கேட்டால் “எவன்?” என்பார். ‘டிட்’ போட்டுத் தொடங்கும் கேள்விக்கு “எப்போது?” என்று பதில் வருவதும் அதே காரணத்தால்தான்.

வண்டூரிலிருந்தே ஓர் உதாரணம். மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா 1983இல் அமைக்கப்பட்டது. 15 தீவுகள், 281.5 சதுர கிலோமீட்டர். பவளப் பாறை பார்க்கப் படகு கிளம்புவது இங்கிருந்துதான். நல்ல பருவத்தில் ஜாலிபாய் தீவு, மழைக்காலத்தில் அதை மூடிவிட்டு ரெட் ஸ்கின் தீவு என்பது வழக்கம். மார்ச் மாதம் விடுதியில் சந்திக்கும் ஒருவரிடம் “ஹேவ் யூ பீன் டு ஜாலிபாய்?” என்று கேட்டால், இன்னும் போகவில்லை என்றால் நாளை போகலாம் என்ற கதவு அதில் திறந்தே இருக்கிறது. அவர் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு ஜூலையில் தொலைபேசியில் பேசும்போது “டிட் யூ கோ டு ஜாலிபாய்?” என்றுதான் கேட்க வேண்டும். அந்தப் பயணம் முடிந்துவிட்டது, கதவு சாத்தியாகிவிட்டது.

இன்னொன்று, இந்தியா முழுக்கக் கேட்கும் பிழை: “வென் ஹேவ் யூ கம்?” ‘வென்’ என்று கேட்ட உடனேயே ஒரு நேரத்தைக் கேட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு ‘ஹேவ்’ நிற்க முடியாது. பேட்டி எடுக்கும் தொழிலில் இருப்பதால் இதை நான் ஒரு வரிசையாகவே வைத்திருக்கிறேன். முதல் கேள்வி ‘ஹேவ்’: முதலையைப் பார்த்திருக்கிறீர்களா? ஆமாம் என்றால் அடுத்ததெல்லாம் ‘டிட்’: எங்கே பார்த்தீர்கள், எப்போது, என்ன செய்தீர்கள்? கதவைத் தட்டுவது ஒன்று, உள்ளே போய் உட்கார்ந்து பேசுவது இன்னொன்று.

1930களில் வெளிவந்து இன்றும் விற்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம், பிரசன்ட் பர்ஃபெக்ட்டோடு ‘நேற்று’ சேராது என்று சொல்லிவிடுகிறது. ஏன் சேராது என்ற கேள்வி மொழியியலாளர்களையே படுத்தியிருக்கிறது. வொல்ஃப்காங் க்ளைன் என்ற ஜெர்மானியர் 1992இல் எழுதிய கட்டுரைக்கு ‘பிரசன்ட் பர்ஃபெக்ட் புதிர்’ என்றே தலைப்பு வைத்தார். போதாக்குறைக்கு அமெரிக்கர்கள். பிரிட்டிஷ்காரர் “ஹேவ் யூ ஈட்டன் யெட்?” என்று கேட்கும் இடத்தில் அவர்கள் “டிட் யூ ஈட் யெட்?” என்று தயங்காமல் கேட்கிறார்கள். நம் பிள்ளைகள் பிரிட்டிஷ் இலக்கணம் படித்துவிட்டு அமெரிக்கப் படம் பார்க்கிறார்கள். குழம்பாமல் என்ன செய்வார்கள்?

இந்தக் குழப்பத்துக்குத் தாய்மொழிமேல் பழிபோடுவது நம் ஆங்கில ஆசிரியர்கள் சிலருக்கு வழக்கம். ‘தமிழில் மூன்றே காலம், ஆங்கிலத்தில் பன்னிரண்டு. அதனால் நமக்கு வராது’ என்பார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். தொல்காப்பியர் மூன்று காலம் சொன்னார், உண்மை. அந்த மூன்றுக்கு மேல் ‘இரு’, ‘விடு’, ‘ஆயிற்று’ என்று துணைவினைகளைச் சேர்த்து நாம் கட்டியிருக்கும் மாடிகளை எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. எண்ணிப் பார்த்தவர்களில் ஒருவர் தாமஸ் லேமன். அவர் ஆங்கிலத்தில் எழுதிய தற்காலத் தமிழ் இலக்கணம் 1989இல் புதுச்சேரியில் வெளியானது. ஹெரால்ட் ஷிஃப்மன் 1999இல் பேச்சுத் தமிழுக்கே தனியாக இலக்கணம் எழுதினார். தமிழ்ப் பேச்சில் துணைவினைகள் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள நமக்கு வெளிநாட்டார் எழுதியதைப் புரட்ட வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை.

தமிழில் வேறுபாடு இல்லை என்பதல்ல சிக்கல். அது வேறு இடத்தில் வெட்டுகிறது. ஆங்கிலத்தின் ஒரே ‘ஹேவ்’ தமிழுக்கு வரும்போது மூன்றாகப் பிரிகிறது. “ஹேவ் யூ எவர் ஈட்டன் கிராப்?” என்றால் “நண்டு சாப்பிட்டிருக்கிறீர்களா?” இது அனுபவம். மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தவரிடம் “ஹேவ் யூ ஈட்டன்?” என்றால் “சாப்பிட்டீர்களா?”, அல்லது “சாப்பிட்டாச்சா?” இது முடிந்ததா என்ற விசாரிப்பு. அந்த விருந்தாளியிடம் போய் “சாப்பிட்டிருக்கிறீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள், வாழ்க்கையில் சோற்றையே கண்டதில்லையா என்று கேட்டதுபோல் ஆகிவிடும். “ஹவ் லாங் ஹேவ் யூ லிவ்ட் ஹியர்?” என்றால் “எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள்?” இங்கே இறந்தகாலமே இல்லை, சுத்தமான நிகழ்காலம். இதற்கு ‘டிட்’ போட்டு “ஹவ் லாங் டிட் யூ லிவ் ஹியர்?” என்று கேட்டால் “எத்தனை வருஷம் இருந்தீர்கள்?” என்றாகிவிடும். குடியிருப்பவரைக் காலி செய்ய வைத்த கேள்வி.

பொதுவான ஒரு விதியைச் சொல்லிவிட்டு ‘மொழிபெயர்’ என்றால் மாணவன் விழிப்பதற்கு இதுதான் காரணம். “சாப்பிட்டீர்களா?” என்பதில் ‘இரு’ இல்லை. எனவே ‘டிட்’ போடுகிறான். பிரிட்டிஷ் காதுக்கு அது சற்று இடறுகிறது.

‘இரு’வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதே கடற்கரையில், ஈர மணலில் வால் இழுத்த தடத்தைக் காட்டி அந்தப் படகுக்கார இளைஞர், “ராத்திரி மொதல வந்திருக்கு சார்” என்றார். ‘வந்துச்சு’ என்று சொல்லவில்லை. பார்த்திருந்தால் ‘வந்துச்சு’. தடத்தைப் பார்த்து ஊகித்ததால் ‘வந்திருக்கு’. ‘ராத்திரி’ என்று நேரம் சொன்ன பிறகும் தமிழில் ‘இரு’ நிற்கிறது. ஆங்கிலத்தில் நிற்காது. “எ குரோக்கடைல் ஹேஸ் கம் லாஸ்ட் நைட்” என்று நம்மவர்கள் சொல்வது இப்படித்தான் பிறக்கிறது. பிழைதான். ஆனால் அந்தப் பிழைக்குள் ‘நான் கண்ணால் பார்க்கவில்லை’ என்ற நேர்மை ஒளிந்திருக்கிறது.

வண்டூர் இதையெல்லாம் யோசிக்கத் தோதான ஊர். பெயரே மலையாளம். 1921 மாப்பிளைக் கலகத்துக்குப் பின் மலபாரிலிருந்து அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களையும் கொண்டுவந்தார்கள். தெற்கு அந்தமானில் கள்ளிக்கோட்டை, மஞ்சேரி, திரூர் எல்லாம் இருக்கின்றன. மலையாளி ‘கண்டோ?’ என்பதையும் ‘கண்டிட்டுண்டோ?’ என்பதையும் கலப்பதே இல்லை. நம் ‘பார்த்தீர்களா’, ‘பார்த்திருக்கிறீர்களா’ இரண்டுக்கும் நேர் சகோதரர்கள் அவை. இந்திக்காரர் ‘தேகா?’, ‘கபி தேகா ஹை?’ என்று பிரிக்கிறார். வங்காளி மட்டும் ‘தேகேச்சி’ என்ற வடிவத்தை நேற்றுக்கும் தாராளமாகப் பயன்படுத்துவார். அதனால் அவர் ஆங்கிலத்தில் “ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே” வந்துவிடுகிறது. ஒரே படகுத்துறையில் நான்கு மொழிக்காரர்கள் ஒரே கேள்வியை நான்கு விதமாகத் தவறாகக் கேட்பதை நாள் முழுக்க உட்கார்ந்து ரசிக்கலாம்.

ரசிக்க முடியாத சம்பவமும் ஒன்று இருக்கிறது. தவறு செய்தது நான்.

2004 டிசம்பர் 26 காலை சுமத்ரா அருகே ஏற்பட்ட பூகம்பம் அந்தமானுக்கு அலையை மட்டும் அனுப்பவில்லை, நிலத்தையும் ஆட்டிவைத்தது. வடக்கு அந்தமான் பக்கம் கரை மேலே எழும்பியது. தெற்கு அந்தமான் சுமார் ஒரு மீட்டர் கீழே இறங்கியது. போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது) வண்டூருக்குப் போகும் சாலையில் சிப்பிகாட் என்ற இடம் வரும். அங்கே சாலையின் இரு பக்கமும் வயல்களாக இருந்தவை தண்ணீருக்கடியில் போயின. அலை வந்த வேகத்தில் திரும்பிவிட்டது. ஆனால் தரை தாழ்ந்துவிட்டதால் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கடல் உள்ளே வந்தது.

2005 தொடக்கத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நிவாரணக் கணக்கெடுப்புக்கு வந்தது. எனக்கு இருபத்துச் சொச்சம் வயது. தமிழ் தெரியும், ஆங்கிலம் தெரியும், வேலை இல்லை. படிவத்தைத் தமிழாக்கிக் கூடவே போகும் வேலை கிடைத்தது. ஆங்கிலப் படிவத்தில் ஒரு கேள்வி: “ஹேஸ் சீ வாட்டர் என்டர்ட் யுவர் லேண்ட்?” நான் எழுதினேன்: “உங்கள் நிலத்தில் கடல்நீர் புகுந்ததா?” சுத்தமான தமிழ். எழுதியபோது பெருமையாகக்கூட இருந்தது.

3 நாள் சுற்றினோம். கேட்ட எல்லோரும் ‘ஆமாம்’ என்றார்கள். நான் ‘ஆமாம்’ கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டே போனேன். நான்காம் நாள் ஒரு பெரியவர் பதில் சொல்லாமல் என்னை உற்றுப் பார்த்தார். “வந்துச்சான்னு கேக்குறீங்களா, வந்திருக்கான்னு கேக்குறீங்களா தம்பி?” என்றார். எனக்கு உடனே பிடிபடவில்லை. அவர் கையை நீட்டிக் காட்டினார். “அது மேட்டு வயல். வந்துச்சு, அன்னைக்கே போயிருச்சு. இது பள்ளத்து வயல். வந்தது வந்தபடி நிக்குது. ரெண்டுக்கும் ஆமான்னு போட்டா எப்படி?”

வித்தியாசம் சின்னதல்ல. தெற்கு அந்தமானில் வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. மேட்டு வயலில் படிந்த உப்பை நாலு மழை அடித்துக் கழுவிவிடும். அந்த விவசாயிக்குத் தேவை விதையும், அதுவரை சாப்பிட அரிசியும். பள்ளத்து வயல்காரருக்கு வயலே இல்லை. அவருக்கு வேண்டியது வேறு நிலம் அல்லது வேறு தொழில். என் ‘புகுந்ததா’ டிசம்பர் 26 என்ற ஒரு நாளைச் சுட்டியது. அன்று எல்லார் நிலத்திலும்தான் புகுந்தது. படிவம் எழுதியவர் தெரிந்துகொள்ள நினைத்தது இன்றைய நிலை. அதாவது ‘புகுந்திருக்கிறதா’, இன்னும் சரியாகச் சொன்னால் ‘புகுந்து நிற்கிறதா’.

படிவம் எழுதியவர்மீதும் எனக்கு வருத்தம் உண்டு. ஆங்கிலத்தின் ‘ஹேஸ்’ இப்போதும் நீடிக்கும் விளைவையும் சொல்லும், எப்போதாவது நடந்ததா என்பதையும் சொல்லும். ‘இப்போது உங்கள் வயலில் கடல்நீர் நிற்கிறதா?’ என்று நிகழ்காலத்திலேயே கேட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சமாதானம் எனக்குச் செல்லாது. ‘ஹேஸ்’ என்று இருந்ததைப் பார்த்தும் அதை ஒரு நாளில் கட்டிப்போட்டவன் நான்தான். 3 நாள் போன வீடுகளுக்கெல்லாம் திரும்பவும் போனோம். சிலர் அதற்குள் தற்காலிகக் குடியிருப்புகளுக்கு மாறியிருந்தார்கள். எல்லோரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க முடியாதவர்கள் தாளில் பழைய ‘ஆமாம்’ அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு எந்தப் படிவத்தைக் கண்டாலும் கேள்விகளின் வினைமுற்றைத்தான் முதலில் பார்க்கிறேன். அமெரிக்க விசா விண்ணப்பம் “ஹேவ் யூ எவர்” என்று அடுக்கிக்கொண்டே போகும்: எப்போதாவது அமெரிக்காவில் இருந்திருக்கிறீர்களா, எப்போதாவது விசா மறுக்கப்பட்டிருக்கிறதா என்று. அந்த ‘எவர்’ வாழ்நாள் முழுவதையும் வளைத்துக்கொள்கிறது. பதினைந்து வருடங்களுக்கு முன் ஒருமுறை மறுக்கப்பட்டதை ‘அது பழைய கதை’ என்று ‘இல்லை’ போட்டால் அது பொய்யாகிவிடும். ‘விசா மறுக்கப்பட்டதா?’ என்று மட்டும் தமிழில் வாசித்துக் காட்டும் ஏஜென்டுகள் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. 1992-93இல் தொடங்கிய தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பிள்ளைக்குக் கடந்த 2 வாரங்களில் காய்ச்சல் இருந்ததா என்று தாய்மாரிடம் கேட்கிறார்கள். இங்கே வளைப்பது வாழ்நாளை அல்ல, இன்றோடு முடியும் 14 நாளை. இந்த ஒரு சொல்லை விட்டுவிட்டுக் கேட்டால் போன வருஷத்து டைபாய்டும் கணக்கில் ஏறிவிடும்.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் வினாவை ஆறாகப் பிரித்தார். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. கல்லூரியில் இதை மனப்பாடம் செய்தபோது, எல்லாக் கேள்வியும் கேள்விதானே, இதில் என்ன பிரிவு என்று தோன்றியது. கவனித்தால் அவர் வாக்கியத்தைப் பிரிக்கவில்லை, கேட்பவர் மனதைப் பிரித்திருக்கிறார். விடை தெரிந்தே கேட்கிறாரா, தெரியாமலா, சந்தேகத்திலா, வாங்கவா, கொடுக்கவா, ஏவவா? “அரிசி இருக்கிறதா?” என்ற ஒரே வாக்கியம் கடையில் கொளல் வினா, பக்கத்து வீட்டுக்காரர் இரக்கத்தோடு கேட்டால் கொடை வினா. ‘டிட்’டா ‘ஹேவ்’வா என்பதற்கும் விடை வாக்கியத்தில் இல்லை, கேட்பவர் மனதில்தான் இருக்கிறது. ஆங்கில இலக்கணம் நடத்தும் வகுப்பில் நன்னூலை யாரும் திறப்பதில்லை.

சமீபத்தில் வண்டூரிலிருந்து திரும்பும்போது சிப்பிகாட்டில் வண்டியை நிறுத்தினேன். இப்போது அது பறவை பார்ப்பவர்களுக்குப் பிடித்த இடம். அந்தமான் வாத்தைத் தேடி வருகிறார்கள். தொலைநோக்கியோடு நின்ற ஒரு வெளிநாட்டுக்காரர், சாலையோரம் இளநீர் விற்ற அம்மாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்தார். “ஹவ் லாங் ஹேஸ் திஸ் லேக் பீன் ஹியர்?” என்றார் அவர் என்னிடம். இலக்கணப்படி குற்றம் சொல்ல முடியாத கேள்வி. “இந்த ஏரி எத்தனை வருஷமா இங்க இருக்குன்னு கேக்குறார்மா” என்றேன்.

அந்த அம்மா இளநீரைச் சீவுவதை நிறுத்தவில்லை. “ஏரியா?” என்றார். “இங்க வயல் எத்தனை வருஷம் இருந்துச்சுன்னு கேக்கச் சொல்லுங்க.”